பிள்ளை வண்டிலில் இருபது கிலோ அரிசி

நான் வேலை பார்த்த நகரத் திட்டமிடல் கந்தோருக்கு இப்போது ஒரு புது மென்பொருள் வந்திருக்கிறது. திரையில் ஒரு சதுக்கத்தை வரைந்து பொத்தானை அமத்தினால், சின்னச் சின்ன மனிதர்கள் கிளம்பி நடக்கிறார்கள். ஒருவரை ஒருவர் இடிப்பதில்லை. மழைக்கு ஒதுங்குவதில்லை. யாரோடும் நின்று கதைப்பதில்லை. போன மாதம் கந்தோர்ச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, என் கதிரைக்குப் புதிதாக வந்திருக்கும் யூலியா அதைப் பெருமையோடு காட்டிவிட்டு, "உங்கள் காலத்தில் இதற்கு என்ன வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"ஒரு பிள்ளை வண்டில்," என்றேன்.

யூலியா சிரித்தார். ஓய்வு பெற்றவன் எதைச் சொன்னாலும் சிரித்து வைப்பது இந்த நாட்டிலும் மரியாதைதான். ஆனால் நான் சொன்னது பகிடி இல்லை.

என் தகுதிகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அதிகம் இல்லை. ஊரில் நீர்ப்பாசன வேலைகளுக்குப் படவரைஞனாக இருந்தேன். நான் வரைந்த வாய்க்கால்களில் பாதி கட்டப்படவில்லை, கட்டப்பட்ட பாதியில் தண்ணீர் வரவில்லை. எண்பதுகளின் நடுவில் ஜெர்மனிக்கு வந்து, பீலெஃபெல்டில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் சட்டி கழுவினேன். வதிவிட அனுமதி கிடைத்ததும், என்னிலும் பதினைந்து வயது இளையவர்களோடு வகுப்பு வாங்கில் இருந்து அவுஸ்பில்டுங் செய்தேன். தொழிற்பயிற்சி என்று பொருள். தெரிந்த வேலையை மூன்று வருடம் மறுபடி படிப்பது ஒருவகைத் தியானம். அது முடிந்தபோது தொண்ணூறுகள் பிறந்திருந்தன, என் தலையில் முன்பக்கம் போயிருந்தது. நான்கு பேர் வேலை செய்யும் ஒரு கந்தோர் என்னை எடுத்தது. அதன் தலைவி ஃபிராவ் லோமான். ஃபிராவ் என்றால் திருமதி.

ஃபிராவ் லோமானுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். உயரம், மெலிவு, எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கோட். ஒருவரையும் ஏசியதில்லை. வரைபடத்தைக் கொண்டுபோய் வைத்தால், கத்தியால் அப்பிளைத் துண்டு துண்டாக வெட்டித் தின்றபடி பார்ப்பார். அப்பிள் முடியும்வரை பேச்சில்லை. பிறகு சிவப்புப் பென்சிலால் ஏதாவது ஓர் இடத்தில் "ஏன்?" என்று எழுதித் திருப்பித் தருவார். அந்த ஒரு சொல்லுக்கு நான் சில சமயம் இரண்டு நாள் பதில் தேடியிருக்கிறேன். அந்தக் காலத்தில் எல்லாம் மை. கண்ணாடி போன்ற தாளில் மூன்று தடிப்புப் பேனாக்களால் வரைவோம். பிழைத்தால் சவர அலகால் தாளை மெல்லச் சுரண்டி எடுக்கவேண்டும். ஒரே இடத்தை மூன்றாம் முறை சுரண்டினால் தாள் ஓட்டையாகும். அதனால் அந்தத் தலைமுறைப் படவரைஞர்கள் எல்லோரும் யோசித்துப் பேசுகிறவர்கள்.

இனி வண்டில். கந்தோரின் மூலையில் கடும்நீல நிறத்தில், பெரிய சில்லுகளோடு, பழங்கால மாதிரியில் ஒரு பிள்ளை வண்டில் நின்றது. அதற்குள் ஒரு பெட்டி மினரல் வாட்டர், எல்லாம் கண்ணாடிப் போத்தல்கள், மேலே ஒரு சின்னப் போர்வை. எங்கள் திட்டப்படி ஒரு தெரு போட்டு முடிந்ததும், ஃபிராவ் லோமான் அந்த வண்டிலைத் தள்ளிக்கொண்டு அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பார். நான் சோக்குக் கட்டியோடு பின்னால் போவேன். போத்தல்கள் லேசாகக் கிலுகிலுத்தால் பரவாயில்லை. "கிளங்" என்று மோதினால் அவர் நிற்பார், நான் குனிந்து கல்லில் ஒரு வட்டம் போடுவேன். வட்டம் போட்ட இடத்தை ஒப்பந்தக்காரர் பெயர்த்துத் திரும்பப் போடவேண்டும். தெருவைக் கடக்கும் இடங்களில் விளிம்புக் கல் மூன்று சென்ரிமீற்றர் உயரம்தான் இருக்கலாம். அதற்கு மேல் போனால் சக்கர நாற்காலி ஏறாது, கீழே போனால் கண் தெரியாதவரின் தடிக்குத் தெரு தொடங்குவது தெரியாது. "மூன்று சென்ரிமீற்றரில் இரண்டு பேருக்கும் கொஞ்சம் வசதி, கொஞ்சம் வசதிக்குறைவு. நகரம் என்றால் அதுதான், ஹெர் பாலன்," என்பார். அவர் சொன்ன மிக நீளமான தத்துவம் இதுதான்.

அந்த வண்டில் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு அப்போது ஒரு குணமாகவே ஆகிவிட்டிருந்தது. அந்தக் குணத்தால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஊரின் ஓரத்தில், மூடிப்போன ஒரு தையல் இயந்திரத் தொழிற்சாலை. அதை ஒட்டி, அதற்குப் பிறகு வந்து அதைவிடச் சீக்கிரம் மூடிப்போன, கட்டில் மேசை விற்ற ஒரு தளபாடக் கடை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய தார்வெளி, கார்த் தரிப்பிடம். குறிஞ்சியும் முல்லையும் காய்ந்தால் பாலையாகும் என்று நம் முன்னோர் நிலம் பிரித்தார்கள். தளபாடக் கடை காய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர்கள் இலக்கணம் வைக்கவில்லை. நான் பார்த்தேன். கார்த் தரிப்பிடம் ஆறாவது நிலம், அதன் உரிப்பொருள் தள்ளுவண்டி தேடல்.

இந்த இடத்தை ஆட்கள் வாழும், நடந்து திரியும் குடியிருப்பாக மாற்றவேண்டும். தொழிற்சாலையில் வீடுகள், கீழே சின்னக் கடைகள், தார்வெளியில் மரங்களும் வாங்குகளும் உள்ள ஒரு சதுக்கம். கார்கள் வடக்கு ஓரத்துக்குப் போகவேண்டும். "மக்கள் வந்து நின்று பேசும் இடம்" என்று முகவுரையில் ஃபிராவ் லோமான் எழுதியிருந்தார். நல்ல நோக்கம். நானும் மனதார நம்பினேன்.

ஒரே ஒரு சிக்கல். அந்தத் தொழிற்சாலையின் பழைய பொதி கட்டும் கூடத்தில் மரியதாஸ் அண்ணை கடை வைத்திருந்தார்.

மரியதாஸ் அண்ணை மன்னாரிலிருந்து வந்தவர். அரிசி, மிளகாய்த்தூள், கருவாடு, உறைந்த மீன், வாடகைக்குப் படக் கசெற் என்று எல்லாம் அந்தக் கூடத்தில் இருந்தது. கல்லாவுக்கு மேலே மடு மாதாவின் படம். சனிக்கிழமைகளில் பாடர்போர்ன், ஹெர்ஃபோர்ட், மின்டன் பக்கமிருந்தெல்லாம் நம் சனம் குடும்பத்தோடு காரில் வரும். மாதத்துக்கு ஒரு முறை வந்து இரண்டு மூட்டை அரிசி ஏற்றிக்கொண்டு போகும். ஏற்றியவுடன் போகுமா? கார்க் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் கதைக்கும். எந்த வழக்கறிஞர் நல்லவர், யாருடைய விசாரணை எப்போது, யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், எல்லாம் அந்தத் தார்வெளியில்தான். நானும் மனைவியும் ஒவ்வொரு சனியும் அங்கேதான் நிற்போம்.

திட்டம் தொடங்குமுன் அந்த இடத்தில் எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்று எண்ணவேண்டும். எண்ணியவன் நான். படிவத்தில் "செவ்வாய், வியாழன்" என்று அச்சிட்டிருந்தது. செவ்வாய் ஒரு மடிப்புக் கதிரையில் குந்தியிருந்து எண்ணினேன். நாலு பேர், ஒரு நாய். வியாழன் மூன்று பேர், அதே நாய். அப்படியே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.

சனிக்கிழமை பற்றி ஒரு சொல் எழுதவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்டால், அகதி விசாரணைக்குப் போய் வந்த எவரிடமும் கேளுங்கள். எங்களுக்கு முன்னால் போனவர்கள் சொல்லித் தந்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: கேட்டதுக்கு மட்டும் பதில் சொல். கேளாத ஒன்றைச் சொன்னால் அதிலிருந்து பத்துக் கேள்வி வரும். அந்தப் பாடத்தால்தான் எனக்கு அனுமதி கிடைத்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன். படிவம் சனிக்கிழமையைக் கேட்கவில்லை.

பிறகு ஐந்து மாதம், நான் சனிதோறும் கார் நிறுத்துகிற இடத்தில் மையால் மரம் வரைந்தேன். நல்ல வட்டமான மரங்கள்.

திட்டம் முடிந்ததும் அதை ஒரு மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது விதி. அந்த மாதத்துக்குள் யாரும் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி. மரியதாஸ் அண்ணையை நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல வடிவாக் கீறியிருக்கிறாய் தம்பி. உந்த முட்டை முட்டையா இருக்கிறது என்ன?"

"மரம் அண்ணை."

"ஓகோ. கார் எங்கை நிக்கும்?"

வடக்கு ஓரத்தைக் காட்டினேன். அவர் தன் கையால் அங்கிருந்து கடை வாசல்வரை சாண் சாணாக அளந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவு தூரம் ஆர் தம்பி அரிசி மூட்டை காவுறது?"

"அண்ணை, எழுதிக் குடுங்கோவன். அதுக்குத்தானே ஒரு மாதம் விட்டிருக்கு."

"விசர்க்கதை கதையாதை. என்ரை விசா கடையிலைதான் தொங்குது. கடை ஓடினாத்தான் வருசா வருசம் புதுப்பிப்பாங்கள். இந்த நேரத்திலை நான் அரசாங்கத்துக்கு எதிராக் கையெழுத்து வைக்கவோ? அது என்ரை ஃபைலிலை போய்க் கிடக்கும். பேந்து ஆர் வந்து அதை எடுக்கிறது?"

கடை மூடினால் அனுமதி போகும், ஆட்சேபித்தாலும் அனுமதி போகும் என்பது அவர் கணக்கு. எந்தப் பக்கம் போனாலும் அவரும் மனைவி ஜெசிந்தா அக்காவும் மூன்று பிள்ளைகளும் நடுத்தெருவில். அந்தக் கணக்கு எனக்கும் பழக்கம்தான். நானும் அதே பள்ளிக்கூடம்தானே.

அடுத்த புதன்கிழமை அவர் எங்கள் கந்தோருக்கே வந்துவிட்டார். ஒரு கையில் தட்டு நிறையப் பொரித்த றோல்ஸ், மறுகையில் மூத்த மகளைக் கொண்டு எழுதுவித்த ஒரு கடிதம். "திட்டம் மிகவும் அழகாக இருக்கிறது. எங்களை இந்த நாட்டில் இருக்க விட்டதற்கு நன்றி." அவ்வளவுதான். ஃபிராவ் லோமான் நின்றபடியே இரண்டு றோல்ஸ் தின்றார். நான் அவரை அப்பிளைத் தவிர வேறெதுவும் தின்னப் பார்த்தது அன்றுதான்.

"இத்தனை வருட வேலையில் ஆட்சேபணை மாதத்தில் எனக்கு நன்றி சொன்ன முதல் மனிதர்," என்று சொல்லி, கடிதத்தைக் கோப்பில் "ஆதரவு" என்ற தடுப்புக்குப் பின்னால் வைத்தார். அந்தத் தடுப்புக்குப் பின்னால் அதுவரை ஒன்றுமே இருந்ததில்லை.

ஒரு மனிதர் தன் கடையை மூடுவதற்கு நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறார். மரம் வரைந்தவன் நான். வியாழன் காலை ஃபிராவ் லோமானின் மேசைக்கு முன்னால் போய் நின்று, எண்ணிக்கைப் படிவத்தை வைத்தேன்.

"இது பிழை," என்றேன்.

அவர் அப்பிளை வெட்டினார். முடியும்வரை காத்திருந்தேன்.

"நீங்கள் நாலு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு பேர் இல்லையா?"

"நாலு பேர்தான். ஆனால் சனிக்கிழமை நூறு பேர் வருவார்கள். நானும் வருவேன்."

"ஏன் எழுதவில்லை?"

"படிவத்தில் கேட்கவில்லை."

அன்றைக்காவது ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தியை மடித்தார். "சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, சாம்பல் கோட்டோடும் நீல வண்டிலோடும் தார்வெளிக்கு வந்து சேர்ந்தார். கார்களுக்கு நடுவே வண்டிலைத் தள்ளிக்கொண்டு நடக்க, போத்தல்கள் கிலுகிலுத்தன. சனம் கதையை நிறுத்தியது.

"ஆற்றை பிள்ளை? மூஞ்சியைக் காட்டாமல் மூடி வைச்சிருக்கிறா," என்றார் கடை வாசலில் நின்ற ஜெசிந்தா அக்கா.

"குளிருக்கு மூடியிருப்பா. இந்த வயசிலை பேரப்பிள்ளையா இருக்கும்," என்றது இன்னொரு குரல்.

ஜெசிந்தா அக்கா சும்மா விடுகிறவர் இல்லை. போய்க் குனிந்து, கொஞ்சுகிற முகத்தோடு போர்வையைத் தூக்கினார். பிறகு மெல்ல, மிகவும் மெல்ல, திரும்ப மூடினார்.

"ஐயோ பாவம். உள்ளுக்கை தண்ணிப் போத்தல். மனிசிக்கு என்னவோ நடந்திருக்கு."

ஒரு நிமிடத்தில் அந்தச் செய்தி தார்வெளி முழுவதும் பரவியது. நான் ஓடி ஓடி விளங்கப்படுத்தினேன். இது தெருவைச் சோதிக்கிற முறை, என் முதலாளி, தலை நல்ல தெளிவு என்றேன். ஒருவரும் நம்பவில்லை. ஒருவர் கதிரை கொண்டுவந்தார். இன்னொருவர் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றினார். ஜெசிந்தா அக்கா ஃபிராவ் லோமானின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் எல்லோரும் இவ்வளவு கவலையாக இருக்கிறார்கள்?" என்று ஃபிராவ் லோமான் கேட்டார்.

"பாலன், மனிசிக்குப் பிள்ளையள் இருக்கோ எண்டு கேள்," என்றார் அக்கா.

நான் கேட்கவில்லை. "என்ன சொல்கிறார்?" என்று ஃபிராவ் லோமான் விடாமல் கேட்டார். வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தேன்.

அவர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார். "வண்டில் வாங்கினோம். பிறகு அது தேவைப்படவில்லை," என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் தேநீர் கேட்டார்.

இத்தனை வருடம் அந்த வண்டிலுக்குப் பின்னால் சோக்குக் கட்டியோடு நடந்தவன் நான். நூறு பேர் பிழையாக விளங்கிக்கொண்டு, ஒரே நிமிடத்தில் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

தேநீர் முடிந்ததும் அவர் எழுந்து, போத்தல் பெட்டியை இறக்கச் சொன்னார். இருபது கிலோ அரிசி மூட்டை ஒன்றை வண்டிலில் ஏற்றச் சொன்னார். மரியதாஸ் அண்ணை பதறினார்.

"தம்பி, வேண்டாமெண்டு சொல்லு. அது உந்தப் பாரம் தாங்காது. அது என்ன வண்டிலெண்டு இப்ப தெரியுந்தானே?"

சொன்னேன். ஃபிராவ் லோமான் கேட்கவில்லை. கடை வாசலிலிருந்து, நான் வரைபடத்தில் கார்களைக் கொண்டுபோய்த் தள்ளியிருந்த வடக்கு ஓரத்தை நோக்கித் தள்ளத் தொடங்கினார். நூறு பேரும் பின்னால் நடந்தார்கள். திருவிழாவில் தேருக்குப் பின்னால் போவதுபோல இருந்தது. பாதித் தூரம் போகுமுன் அச்சு முறிந்தது. ஒரு சில்லு தன்பாட்டில் உருண்டு போய் ஒரு காரில் முட்டி விழுந்தது. மூட்டை சரிந்து தாரில் கிடந்தது.

ஃபிராவ் லோமான் என்னிடம் கையை நீட்டி, சோக்குக் கட்டியை வாங்கி, தானே குனிந்து அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார்.

"இங்கே ஏதோ பிழை இருக்கிறது, ஹெர் பாலன்," என்றார். "ஆனால் என் திட்டத்துக்கு எதிராக நானே எழுத முடியாது. என்னிடம் வேலை செய்யும் நீங்களும் எழுத முடியாது. கடைக்காரர் எழுதலாம். திங்கள் பன்னிரண்டு மணிவரை."

பிறகு பையிலிருந்து ஒரு புதிய எண்ணிக்கைப் படிவத்தை எடுத்துத் தந்தார். மேலே அச்சிட்டிருந்த "செவ்வாய், வியாழன்" சிவப்புப் பென்சிலால் வெட்டப்பட்டிருந்தது. நடப்பவர், சைக்கிள், கார் என்று மூன்று நிரல்கள் இருந்தன. நான் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து நாலாவது நிரல் ஒன்றை உண்டாக்கி, "நின்று கதைப்பவர்" என்று எழுதினேன். ஜெர்மனியில் ஒரு படிவம் கேட்காத ஒன்றை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. அந்த நிரல்தான் முதலில் நிரம்பியது.

மரியதாஸ் அண்ணை கடைக்குப் பின்னால் குந்தியிருந்து, முறிந்த அச்சைக் கம்பியால் வரிந்து கட்டிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எழுது தம்பி," என்றார். "நான் சொல்லுறன், நீ டொச்சுப் பாசையிலை எழுது. அந்த மனிசி தன்ரை பிள்ளை வண்டிலை உடைச்சுப்போட்டு நிக்குது. நான் ஒரு கடுதாசி எழுத ஏலாதெண்டு சொல்லலாமோ?"

"என்னெண்டு தொடங்கிறது அண்ணை?"

"திட்டம் நல்ல வடிவெண்டு தொடங்கு."

"அது ஆட்சேபணையிலை தேவையில்லை."

"அது உண்மைதானே. வெட்டாதை. பேந்து சொல்லு, சனிக்கிழமையிலை ஆக்கள் அரிசி காவ வேணும். பின்பக்கம் இருக்கிற பழைய சாமான் ஏத்துற மேடையை இடிக்கவேண்டாம், கார் வந்து கொஞ்ச நேரம் நிண்டு ஏத்திப்போட்டுப் போகட்டும். முன்பக்கம் மரம் நடலாம். நிழலுக்கு நிண்டு கதைக்க நல்லது."

ஐந்து மாதத்தில் நாங்கள் நாலு பேர் கண்டுபிடிக்காததை அவர் கம்பி முறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டார்.

திங்கள் பதினொன்றே முக்காலுக்கு நானும் அவரும் நகரசபையில் கடிதம் வாங்கும் கருமபீடத்தில் நின்றோம். அவர் கலியாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டிருந்தார். அலுவலர் ஓர் இளம் பெண். கடிதத்தை வாசித்தார், தடாலென்று முத்திரை குத்தினார். அண்ணை அந்தச் சத்தத்துக்கு ஒரு அடி பின்வாங்கினார்.

"கேள் தம்பி. இது என்ரை ஃபைலுக்குப் போகுமோ?"

கேட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கேள்வி விளங்கவில்லை. இரண்டாம் முறை கேட்டேன்.

"இவருடைய கோப்புக்கா? இல்லையே," என்றார் அவர். "இது சதுக்கத்தின் கோப்புக்குப் போகிறது."

மொழிபெயர்த்தேன். மரியதாஸ் அண்ணை கோட்டை இழுத்து நேராக்கினார். பிறகு, "அப்ப எனக்கும் அதிலை ஒரு கொப்பி தரச் சொல்லு," என்றார்.

மேடை இடிக்கப்படவில்லை. கடைக்குப் பின்னால் ஒரு சந்து, கார் இருபது நிமிடம் நிற்கலாம் என்ற பலகையோடு வந்தது. நான் சவர அலகால் சுரண்டியதில் தாள் ஏறக்குறைய ஓட்டையாகிவிட்டது. முன்னால் என் முட்டை மரங்கள் இப்போது உண்மையான மரங்களாக நிற்கின்றன. வீட்டுக்காரர்களும் வாங்குகளில் வந்து இருக்கிறார்கள். மேடையின் விளிம்பில் வாரநாட்களில் பிள்ளைகள் கால் தொங்கப்போட்டுக்கொண்டு ஐஸ்கிறீம் தின்னும். சதுக்கம் திறந்த அன்று ஃபிராவ் லோமான் வண்டிலைத் தள்ளிப் பார்த்தார். கம்பி கட்டிய பக்கம் கொஞ்சம் ஆடியது. வேறு வண்டில் வாங்கலாம் என்று நான் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு "ஏன்?" இருந்தது.

கடை இன்னும் இருக்கிறது, மகள் நடத்துகிறார். கல்லாவுக்கு மேலே அதே மடு மாதா. அதற்குக் கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் முத்திரை குத்திய ஒரு தாள் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதைக் கடை அனுமதிப் பத்திரம் என்றுதான் நினைக்கிறார்கள். "திட்டம் மிகவும் அழகாக இருக்கிறது" என்று அது தொடங்குவதை ஒருவரும் கவனித்ததில்லை.